மூன்றாவது ஆளின் நேரம்

யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. மலை என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறது கீரிமலை, அங்கே போனாலும் இறங்கித்தான் குளிக்க வேண்டும். இப்படிப் பலகைபோல மட்டமான மண்ணில் இருந்துகொண்டு நாலு பெண்கள் நுவரெலியாவுக்கு ஏறுகிற சைக்கிள் போட்டிக்குப் பெயர் கொடுத்தோம் என்றால், அதில் ஒருத்திக்காவது விசர் இருந்திருக்க வேண்டும். தர்சினிக்கு என்று நான் சொல்லுவேன். அவளைக் கேட்டால் எனக்கு என்பாள்.

தர்சினி உடற்பயிற்சி ரீச்சர். இருபத்தொன்பது வயது, கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்ரொப் வோச். அவள்தான் அணித் தலைவி. நிஷானி வங்கியில் வேலை செய்கிறவள், இருபத்து நாலு வயது, சுன்னாகத்தில் ஒரு மூட்டை வெங்காயம் ஏற்றுகிற தராசில் இவளை ஏற்றினால் மூட்டை இறங்கும், இவள் மேலே நிற்பாள். மியூரியல் அக்காவுக்கு ஐம்பத்து மூன்று. சங்கீதம் படிப்பிக்கிறவர். கணவர் எட்வேர்ட் காலமாகி மூன்று வருடம், ஒரே மகன் அனோஜன் மெல்பேணில். நாலாவது நான், வினோஜா. நாற்பத்தொரு வயது, கலியாணம் இல்லை, கால்நடை அலுவலகத்தில் வேலை. உதைக்கிற மாடுகளைத் தோளால் முட்டிப் பிடித்து ஊசி போட்டுப் போட்டு எனக்கு முதுகு நல்ல அகலம்.

அந்த முதுகுதான் என்னை அணிக்குள் கொண்டுவந்தது. வேறு ஒரு திறமையும் எனக்கு இல்லை என்று தர்சினி முதல் நாளே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். எங்கள் ஊரில் சைக்கிள் உழக்குகிறவர்களுக்கு எதிரி காற்று. வைகாசி தொடங்கினால் சோளகக் காற்று. பண்ணைப் பாலத்தில் ஏறினால் இரண்டு பக்கமும் கடல், ஒரு மரம் மறைப்புக் கிடையாது, தென்மேற்கில் இருந்து வந்து நேரே முகத்தில் அறையும். அதற்குள் ஒருத்தி முன்னுக்குப் போய் முட்டி வாங்க வேண்டும், மற்றவர்கள் அவளுடைய பின்சில்லோடு ஒட்டிக்கொண்டு மறைவில் வருவார்கள். முறை வைத்து மாறி மாறிப் போவதுதான் வழக்கம். எங்கள் அணியில் முறை இல்லை. ஒன்றரை வருடமாக நானே முன்னுக்கு. மியூரியல் அக்கா எனக்குப் பின்னால், அவருக்குப் பின்னால் மற்ற இரண்டு பேரும்.

எனக்கு அது பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? அம்மா போன பிறகு கோப்பாயில் ஐந்து அறை வீட்டில் நான் ஒருத்தி. தம்பி பிரவீணன் பிரான்சிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஃபோன் எடுப்பான், வீட்டை விற்போமா என்று கேட்பான், நான் ஏசுவேன், அவன் வைத்துவிடுவான். அலுவலகத்தில் நான் வாயைத் திறந்தால் ஆட்கள் கோப்பைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். என்னைத் தேவை என்று ஒருவரும் இல்லை. ஆனால் காலையில் ஐந்தேகாலுக்கு என் வாசல் படலையில் மூன்று சைக்கிள் மணிச் சத்தம் கேட்கும். நான் போகாவிட்டால் பாலம் தாண்டுவது கஷ்டம் என்று அந்த மூன்று பேருக்கும் தெரியும். அதற்காக நான் காய்ச்சலோடும் போயிருக்கிறேன்.

முன்னுக்குப் போகிறவளுக்குக் காற்றைத் தவிர வேறு ஒன்றும் கேட்காது. காதுக்குள் 'ஊ' என்று ஒரே இரைச்சல். வாயைத் திறந்தால் கொசு, தும்பி, மணல் எல்லாம் உள்ளே போகும், துப்பித் துப்பிப் போக வேண்டும். பாலத்துக்கு அப்பால் அல்லைப்பிட்டியில் திருப்பினால் காற்று முதுகில் பிடிக்கும், அப்போது என் தேவை முடிந்தது. தர்சினி ஆளாளுக்கு நேரம் எடுப்பாள், எல்லாரும் பறப்பார்கள், நான் கடைசியாகப் போய்ச் சேருவேன். பிறகு எட்டு மணிக்கு வேலை. படலையில் நின்று கதைக்க ஒருவருக்கும் நேரம் இல்லை, எனக்கும் இல்லை என்று காட்டிக்கொள்வேன்.

மலைப் போட்டி அறிவித்தல் வந்ததும் தர்சினி ஒரு கண்டுபிடிப்புச் சொன்னாள். காற்றும் மலையும் ஒன்றுதானாம். இரண்டும் ஆளைப் பின்னுக்குத் தள்ளுகிறது, ஆகையால் சோளகத்தில் பழகினவளுக்கு நுவரெலியா பெரிய வேலை இல்லையாம். மலையைக் கண்ணால் காணாத நாங்கள் அதை நம்பினோம். மூன்று மாதம் பண்ணைப் பாலத்தில் மலை ஏறினோம். நான் முன்னுக்கு, அவர்கள் பின்னுக்கு.

நுவரெலியாவுக்கு வான் வண்டியில் போகும்போதே எனக்கு மனம் கெட்டது. வவுனியா தாண்ட, பின் ஆசனத்தில் நிஷானியின் கலியாணச் சேலை நிறம் பற்றிக் கதை நடந்தது. எனக்கு விளங்கவில்லை. நிஷானிக்குக் கலியாணமா? தை மாதமாம், மானிப்பாய்ப் பெடியனாம். மற்ற இரண்டு பேருக்கும் மாப்பிள்ளையின் தாயாரின் இருதய வருத்தம்வரை தெரிந்திருந்தது. நிஷானி என் தோளைத் தொட்டு, உங்களுக்கும் அண்டைக்குச் சொன்னதுதானே அக்கா என்றாள். நான் விட்டுக்கொடுக்காமல் ஓம் ஓம் தெரியும் என்று சொல்லி யன்னலுக்கு வெளியே பார்த்தேன். எப்போது சொன்னாள்? எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. என்னைத் தவிர்த்துவிட்டு எங்கேயோ சந்திக்கிறார்கள், கோயிலுக்கோ கடைக்கோ சேர்ந்து போகிறார்கள் என்று நினைத்தேன். தம்புள்ளைவரை நான் வாய் திறக்கவில்லை. ஒருவரும் அதைக் கவனிக்கவும் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

போட்டிக்கு முதல் நாள் மாலை விதிகளைச் சொன்னார்கள். சிங்களத்தில் சொன்னதைத் தர்சினி எங்களுக்குத் தமிழில் சொன்னாள். பதினாறு கிலோமீற்றர் ஏற்றம். பெண்கள் அணி ஏழு. முதல் மூன்று அணிகளுக்கு மேடை. ஒரு அணியில் நாலு பேர் போகலாம், ஆனால் மூன்றாவதாக வருகிறவள் கோட்டைத் தாண்டுகிற நேரம்தான் அந்த அணியின் நேரம். நாலாவது ஆளின் நேரத்தை எழுதமாட்டார்கள். ஒருத்தியின் சங்கிலி அறுந்தால் கை உதவிக்குத்தான் நாலாவது ஆள்.

தர்சினி இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டது நல்லது, பார்த்திருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அடுத்த நாள் காலை ஆறரைக்கு விட்டார்கள். நான் பழக்கத்தில் முன்னுக்குப் போனேன். தலையைக் குனிந்து, தோளை விரித்து, பெரிய கியரில் போட்டு உழக்கினேன். ஒரு கிலோமீற்றர். இரண்டாவது கிலோமீற்றரில் இருதயம் தொண்டைக்கு வந்துவிட்டது. ஏதோ சரியில்லை என்று தெரிந்தது, ஆனால் என்ன என்று தெரியவில்லை. காது வெறுமையாக இருந்தது. பின்னால் மூன்று பேர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, ஒருத்தியின் சங்கிலி உரசுகிற சத்தமும் கேட்டது. ஒன்றரை வருடத்தில் அதையெல்லாம் நான் கேட்டதே இல்லை.

தர்சினி பக்கத்தில் வந்தாள். அவளுக்கு வியர்க்கவே இல்லை.

"அக்கா, இஞ்சை காத்து இல்லை," என்றாள். "நீங்கள் முன்னுக்கு நிண்டு ஒரு பிரயோசனமும் இல்லை. உங்கடை பாட்டுக்கு ஆறுதலாய் வாங்கோ."

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மெல்லத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து நின்று நாலு மிதி மிதித்தாள், என்னைத் தாண்டிவிட்டாள். நிஷானி அவளுக்குப் பின்னால் பறந்தாள், போகிற போக்கில் "வாறன் அக்கா" என்றாள். போகிறவள் வாறன் என்று சொல்வது எங்கள் மரியாதை. இரண்டு பேருடைய முதுகும் வளைவுக்கு வளைவு சின்னதாகிக்கொண்டு போனது. நிஷானியின் சட்டையில் முதுகுப் பக்கம் ஒரு பறவைப் படம் இருப்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

மியூரியல் அக்கா கொஞ்ச நேரம் எனக்குப் பின்னாலேயே வந்தார், பிறகு அவருடைய கால் கணக்கில் பத்து யார் தூரம், இருபது யார் தூரம் முன்னுக்குப் போனார். போகத்தான் வேண்டும். மூன்றாவது ஆள் அவர்தான். அணியின் நேரம் இப்போது அவருடைய காலில் இருந்தது.

நான் தனியே ஏறினேன். மலை என்றால் என்னவென்று அப்போது விளங்கியது. காற்று சில நேரம் குறையும், ஆளை மூச்சு வாங்க விடும். இந்தக் கோதாரி மலை ஒரு நிமிடமும் விடாது. ஒரு வளைவு முடிந்தால் அதற்கு மேலே அதே மாதிரி இன்னொன்று தெரியும். இரண்டு பக்கமும் தேயிலை. பனிப்புகார் இறங்கி வீதி நனைந்திருந்தது. ஒரு லொறிக்காரன் என்னைத் தாண்டும்போது பரிதாபப்பட்டு ஹோர்ன் அடிக்காமல் போனான். அழுகை வந்தது. இதற்குத்தானா அந்தக் கொசு எல்லாம் விழுங்கினேன் என்று நினைத்தேன். காற்று இல்லாத இடத்தில் என்னை ஒருத்திக்கும் தேவை இல்லை. வந்த இடத்தில் தெரிந்துபோயிற்று.

எட்டாவது கிலோமீற்றர்க் கல்லடியில் மியூரியல் அக்கா திரும்பக் கண்ணில் பட்டார். அவருக்கும் கால் களைத்திருக்க வேண்டும். நான் என்னுடைய வேகத்தில் உழக்கி அவருக்குப் பின்னால் ஐந்தாறு யாருக்குள் வந்துவிட்டேன்.

"வீட்டை போய் இதை ஆருக்குச் சொல்லுறது, சுவருக்கோ," என்று ஒரு குரல் கேட்டது.

"எனக்குச் சொல்லும்," என்றார் மியூரியல் அக்கா, திரும்பாமல்.

முதற்குரல் என்னுடையது. நான் வாய்விட்டுக் கதைத்திருக்கிறேன். எனக்கே தெரியாது. வெட்கத்தில் சைக்கிள் ஒரு பக்கம் ஆடியது. நான் ஏதாவது சொன்னேனா என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். நான் எப்போதும் கதைப்பேனாம். பாலத்தில் ஏறின உடனே தொடங்கி அல்லைப்பிட்டிவரை ஒரே கதையாம். தம்பி வீட்டை விற்கச் சொல்லுகிற கதை, ஒரு ஆளுக்கு எப்படிக் குழம்பு வைக்கிறது என்ற கதை, கூடத்து மின்விசிறி தானே நின்று போய்விட்டது, யாரைக் கூப்பிடுகிறது என்ற கதை. காற்று முன்னால் இருந்து பின்னால் அடிக்கிறதல்லவா, ஒரு சொல் தவறாமல் அவருடைய காதுக்கு வந்துவிடுமாம். மற்ற இரண்டு பேரும் தங்கள் பாட்டுக்குக் கதைத்துக்கொண்டு வருவார்களாம், இவர் நான் சொல்வதைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் மறுமொழி சொல்லிக்கொண்டு வருவாராம்.

"அரைத் தேங்காய் போதும் எண்டு சொன்னனான். மிச்சத்தைத் துருவி ஃபிறிட்ஜிலை வையும் எண்டு சொன்னனான்."

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை அக்கா," என்றேன். "முன்னுக்குப் போறவளுக்கு ஒரு கோதாரியும் கேக்காது. காத்துத்தான் கேக்கும்."

அவருடைய கால் ஒரு சுற்று நின்று போனது. அந்த ஏற்றத்தில் ஒரு சுற்று நின்றால் சைக்கிள் பின்னுக்கு வரும். வந்தது. நான் பக்கத்தில் சேர்ந்துவிட்டேன். முதல்முறையாக இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உழக்கினோம்.

"ஒண்டுமே?" என்று கேட்டார்.

"ஒண்டுமே."

நிஷானியின் கலியாணம் எங்கே சொல்லப்பட்டது என்று அப்போது எனக்கு விளங்கியது. அவர்கள் என்னை விட்டுவிட்டு எங்கேயும் சந்திக்கவில்லை. எல்லாம் எனக்கு இரண்டு யார் பின்னால் நடந்திருக்கிறது. நான் முழு நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறேன்.

ஒரு வளைவு முழுக்க ஏறினோம். மியூரியல் அக்காவின் முகம் சிவந்திருந்தது, ஏற்றத்தாலோ வேறு எதாலோ தெரியாது.

"ஜூன் மாசம் ஒரு நாள் நான் உம்மட்டை ஒண்டு கேட்டனான்," என்றார்.

என்ன கேட்டார் என்று கேட்டேன். மூன்று தரம் கேட்ட பிறகுதான் சொன்னார். முகத்தைப் பார்த்துக் கேட்க வெட்கப்பட்டுத்தான் பாலத்தில், எனக்குப் பின்னால் இருந்து கேட்டாராம்.

"நீர் ஒருத்தி அங்கை, நான் ஒருத்தி இஞ்சை. ரெண்டு வீட்டிலை ரெண்டு அடுப்பு. என்னோடை வந்து இரும் எண்டு கேட்டனான்."

நான் என்ன சொன்னேன் என்று கேட்டேன். எனக்குப் பயமாக இருந்தது.

"நீர் ஒண்டும் சொல்லேல்லை. தலையைத் திருப்பித் துப்பினீர்."

கொசுவாக இருக்கும். மணலாக இருக்கும். ஆண்டவனே, நான் ஒரு நாளைக்கு முப்பது தரம் துப்புகிறவள். அதை மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். கேட்டதற்கு அடுத்த நாள் காலையில் அவர் படலைக்கு வந்தபோது நான் வழமைபோல மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேனாம். விருப்பமில்லை, நட்பைக் கெடுக்காமல் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டாராம். பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லையாம். அனோஜன் நெடுநாளாக வரச்சொல்லிக்கொண்டிருந்தவன். ஜூலையில் அவனுக்கு ஓம் என்று சொல்லிவிட்டார். வீட்டைத் திருச்சபைக்காரருக்கு வாடகைக்குப் பேசியாயிற்று. ஒக்ரோபர் பதினாலாம் தேதி மெல்பேணுக்கு ரிக்கெற்.

நான் உழக்கிக்கொண்டே இருந்தேன். வேறு என்ன செய்கிறது? நிற்பாட்டினால் விழுவேன்.

பன்னிரண்டாவது கிலோமீற்றரில் போட்டி நடத்துகிறவர்களில் ஒருவர் பலகையோடு நின்றார். எங்கள் இலக்கத்தைப் பார்த்துவிட்டு மூன்று விரலைக் காட்டினார், கையை மேலே மேலே என்று ஆட்டினார். எங்கள் அணியின் முதல் இரண்டு பேரும் நல்ல நேரத்தில் தாண்டிவிட்டார்கள், மூன்றாவது ஆள் விரைந்தால் மேடை கிடைக்கும் என்பது அதன் பொருள். கீழ் வளைவில் வேறு ஒரு அணியின் பெண் வருவது தெரிந்தது. மியூரியல் அக்காவிடம் இன்னும் கால் இருந்தது, எனக்காகத்தான் மெதுவாக வந்துகொண்டிருந்தார்.

நான் போங்கோ என்று சொல்ல வேண்டும். அது என் வேலை. ஒன்றரை வருடமாக நான் செய்ததெல்லாம் அதுதான், மற்றவள் விரைந்து போவதற்காக நான் முட்டி வாங்குவது. தர்சினி மூன்று மாதமாக இந்த மேடையைப் பற்றியே கதைத்தவள். போங்கோ என்ற சொல் வாய்க்குள் வந்துவிட்டது.

"நான் போறன், என்ன," என்றார் மியூரியல் அக்கா. "தர்சினி என்னைக் கொல்லுவாள்."

"நில்லுங்கோ," என்றேன். "போகாதேங்கோ. வேறை என்னென்ன சொன்னனீங்கள் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். கீழிருந்து வந்த பெண் எங்களைத் தாண்டிப் போனாள். அவளுடைய முதுகையும் பார்த்தார். பிறகு கியரை இறக்கிப் போட்டுக்கொண்டு, முதலில் இருந்து சொல்லத் தொடங்கினார்.

எட்வேர்டின் சட்டைகளை இன்னும் கொளுவியிலிருந்து எடுக்காதது. இரண்டு பேருக்குச் சமைத்து மிச்சத்தை நாய்க்குப் போடுவது. என் மின்விசிறிக்கு ஒரு ஆளை அனுப்பட்டோ என்று மார்ச் மாதத்தில் கேட்டது, நான் பேசாமல் போனதால் அனுப்பாமல் விட்டது. நான் அம்மாவின் திவசத்துக்கு ஒருவரும் வரவில்லை என்று பாலத்தில் புலம்பினபோது, தனக்குச் சொல்லியிருந்தால் வந்திருப்பாரே என்று அவர் பின்னால் இருந்து சொன்னது. ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றுக்கும் மறுமொழி சொன்னேன். சில மறுமொழிகள் ஒரு வருடம் பிந்திவிட்டன.

எங்கள் அணி ஐந்தாவதாக வந்தது. ஐம்பது விநாடியில் மேடை கைவிட்டுப் போனது. திரும்பி வரும்போது தர்சினி வவுனியாவரை என்னோடு கதைக்கவில்லை, அவளில் பிழை இல்லை. அது பிறகு.

கடைசி ஏற்றத்தில், மேலே ஒலிபெருக்கிச் சத்தம் கேட்கத் தொடங்கின இடத்தில், ரிக்கெற்றை மாற்ற முடியாதோ என்று கேட்டேன். மாற்றலாமாம். ஆனால் அனோஜன் அறைக்கு நிறம் அடித்துவிட்டானாம், பேத்தி நாளைக் கணக்குப் பண்ணிக்கொண்டிருக்கிறாளாம். அவர் அதைச் சொல்லும்போது அவருக்குப் பேத்தியைப் பார்க்க ஆசை இருந்தது குரலில் தெரிந்தது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

"அப்ப அதைத் திரும்பக் கேளுங்கோ," என்றேன்.

"எதை?"

"ஜூன் மாசம் கேட்டதை."

"இப்ப கேட்டு என்ன வினோஜா?"

"கேளுங்கோ அக்கா. நான் மறுமொழி சொல்ல வேணும்."

அவர் முன்னால் வீதியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உழக்கினார். பிறகு முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்துக் கேட்டார், என்னோடு வந்து இருக்கிறீரா என்று.

"ஓம்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோட்டுக்கு இன்னும் முந்நூறு யார் இருந்தது. அவரை முன்னுக்கு விட்டு நான் பின்னால் போனேன்.